விண்ணென்றும் சலசலவென்றும்

நிலக்கடலை அறுவடை முடிந்து காய்கள் களத்தில் காயும் நாள்களில், சேலம், நாமக்கல் மாவட்டத்துப் புன்செய் உழவர் ஒரு காயை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்ப்பர். உள்ளே பருப்பு ‘கலகல’வென ஒலித்தால் காய் மூட்டை கட்டும் பதத்திற்கு வந்துவிட்டது. ஒலி எழாவிட்டால் ஈரம் மிச்சமிருக்கிறது. இன்னும் ஒரு வெயில் வேண்டும். கொப்பரைக்கெனச் சேர்த்துவைத்த தேங்காயைக் குலுக்கினால் வேறொன்று கேட்கும். நீர் வற்றி, பருப்பு ஓட்டினின்று கழன்று ‘லொடலொட’வென உருளும். ‘கலகல’, ‘லொடலொட’ என்னும் இவ்விரு சொற்களையும் இடம் மாற்றிச் சொன்னால் களத்தில் நிற்கும் எவரும் சிரித்துவிடுவர். ஒன்று சிறியவை பல சேர்ந்து எழுப்பும் ஒலி; மற்றொன்று இடம் போதாத கூட்டுக்குள் பெரிய பொருள் ஒன்று தளர்ந்து அசையும் ஒலி. இந்த வேறுபாட்டை விளக்க ஒரு தொடர் முழுவதும் தேவைப்படுகிறது. சொல்லோ நான்கெழுத்தில் அதை முடித்துவிடுகிறது.

இத்தகைய சொற்களை ஒலிக்குறிப்புச் சொற்கள் என்பர். அவற்றுள் இரட்டித்து வருவனவற்றைத் தமிழ் இலக்கணம் இரட்டைக்கிளவி என்னும் பெயரால் குறிக்கிறது. தேர்வுத்தாளில் ‘இரட்டைக்கிளவிக்கும் அடுக்குத்தொடருக்கும் உள்ள வேறுபாடு யாது?’ என்னும் ஒரே வினாவாகச் சுருங்கிப்போன பகுதி இது. அவ்வினாவுக்கு விடை எழுதுவதோடு முடிந்துவிடக்கூடிய பொருள் அன்று இது.

பிரிந்து இசையாமை

இரட்டைக்கிளவி இரட்டித்த நிலையிலிருந்து பிரிந்து ஒலிப்பதில்லை என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில் விதி வகுத்தார். நன்னூலாரும் அவ்விதியை ஏற்றுக்கொண்டார். பிரித்தால் பொருள் தராது என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இவ்விளக்கத்தைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். ‘கலகல’ என்பதைப் பிரித்தால் ‘கல’ என வரும். ‘கல’ என்பதற்குப் பொருள் இல்லாமலில்லை. ஒன்றோடொன்றைச் சேர்ப்பதைக் குறிக்கும் வினையடி அது. ஆயினும் கடலைக் காயின் ஒலிக்கும் கலத்தலுக்கும் தொடர்பில்லை. பிரிந்த பாதி மொழியில் வேறெங்கோ ஒரு சொல்லாக இருக்கலாம். இரட்டித்தபோது தந்த பொருளை அது தரக்கூடாது. இதுவே சரியான அளவுகோல்.

இவ்வளவுகோலைக் கொண்டு ‘நீர் சொட்டுச்சொட்டாக வடிந்தது’ என்னும் தொடரை நோக்கலாம். ‘சொட்டு’ என்பது தனித்து நின்றும் ‘துளி’ என்னும் அதே பொருளைத் தருகிறது. ஆகவே இது இரட்டைக்கிளவி ஆகாது. ‘நீர் சலசலவென ஓடியது’ என்பதிலோ ‘சல’ என்று மட்டும் கூறினால் ஓடை நின்றுவிடுகிறது. அடுக்குத்தொடர் இரண்டு, மூன்று, நான்கு முறை வரை அடுக்கிவரும் என்கிறது நன்னூல். இரட்டைக்கிளவியோ இரண்டுக்கு மேல் செல்வதில்லை. ‘சலசலசல’ என்று எவரும் எழுதுவதில்லை.

இரட்டைக்கிளவி தொடருக்குள் நுழையும் வாயில்கள் மூன்று. ‘என’ அல்லது ‘என்று’ என்னும் இடைச்சொல்லை ஏற்று ‘பளபளவென மின்னியது’ என வரலாம். தானே வினையாகிப் ‘பளபளத்தது’ என வரலாம். பெயராகிப் ‘பளபளப்பு’ எனவும் வரலாம். பரபரப்பு, கலகலப்பு, விறுவிறுப்பு, சுறுசுறுப்பு, முணுமுணுப்பு, சலசலப்பு ஆகிய பெயர்கள் இன்று நாளேட்டிலும் மேடையிலும் நாள்தோறும் வழங்குகின்றன. அவை ஒலிக்குறிப்பிலிருந்து பிறந்தவை என்பதே பலருக்கு மறந்துவிட்டது.

முதல் வாயில் தனியே கருதத்தக்கது. ‘என’ என்னும் சொல் வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் ஆகிய ஆறு நிலைகளில் வரும் என்று இடையியலில் தொல்காப்பியர் பட்டியலிடுகிறார். ‘நாளை வருவேன் என்று சொன்னான்’ என ஒருவர் கூற்றை எடுத்துக்காட்டப் பயன்படும் அதே சொல்தான், ‘மழை சோவெனப் பெய்தது’ என மழையின் கூற்றையும் எடுத்துக்காட்டுகிறது. மழை ‘சோ’ என்று சொல்லிற்று. கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்கிறார். இம்மாவட்டங்களின் பேச்சுவழக்கில் அது ‘-ன்னு’ எனத் தேய்ந்து, ‘சோன்னு பேஞ்சுதுங்க’ என வரும். அவ்விடத்தும் அமைப்பு மாறவில்லை.

கிழக்கில் ஓர் ஒப்புமை

உலக மொழிகளுள் ஒலிக்குறிப்புச் சொற்களுக்குப் பெயர்பெற்றது சப்பானியம். வெளியொலியைப் போலச்செய்யும் சொற்களைக் ‘கியோங்கோ’ என்றும், ஒலியே இல்லாத நிலையையும் தன்மையையும் ஒலியால் சுட்டும் சொற்களைக் ‘கிதாய்கோ’ என்றும் அம்மொழியினர் வகுப்பர். முதல்வகையைப் பெரும்பாலும் ‘கத்தகானா’ என்னும் எழுத்திலும், இரண்டாம் வகையை ‘ஹிரகானா’ என்னும் எழுத்திலும் எழுதுவது அவர்தம் வழக்கம்.

‘கொரொகொரொ’ என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளலாம். சிறிய, உருண்டையான ஒன்று இலேசாக உருண்டோடுவதை அது குறிக்கும். கொட்டைப்பாக்கோ கோலிக்குண்டோ தரையில் ஓடுவதை இச்சொல்லால் கூறலாம். இதன் முதலெழுத்தைத் ‘தங்கம்’ என்னும் சொல்லில் வரும் ககரம்போல அதிரச் செய்து ஒலித்தால் சொல் மாறிவிடுகிறது. அப்போது அது பெரும்பாறை உருள்வதையும் இடி முழங்குவதையும் குறிக்கும். வேலையின்றி வீட்டில் புரண்டுகொண்டிருப்பவரைப் பற்றிப் பேசவும் அதுவே பயன்படும். அதிராத ஒலி சிறிதையும் இலேசையும் காட்டும்; அதிரும் ஒலி பெரிதையும் கனத்தையும் காட்டும். சப்பானியக் குழந்தைக்கு இவ்விதியை எவரும் கற்றுக்கொடுப்பதில்லை. தமிழெழுத்தில் அதிரும் ககரத்திற்கும் அதிராத ககரத்திற்கும் தனித்தனி வடிவம் இல்லாமையால், இவ்விரு சப்பானியச் சொற்களையும் இப்பக்கத்தில் வேறுபடுத்தி எழுதிக்காட்ட இயலவில்லை. வாய்விட்டு ஒலித்தே உணர வேண்டும்.

‘கிராகிரா’ என்பது விண்மீன் போல இடைவிடாது மின்னுவதைச் சுட்டும். ஒரே ஒருமுறை மின்னி மறைந்தால் அது ‘கிராரி’. தமிழ் மாணவர் இதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. விளக்கிவைத்த குத்துவிளக்கு ‘பளபள’க்கிறது, மின்னல் ‘பளிச்’சென வெட்டுகிறது. மழைத்துளிகள் தகரக் கூரையில் ‘சடசட’வென விழுகின்றன, கிளை ஒன்று ‘சடா’ரென முறிகிறது. பறவை சிறகை ‘படபட’வென அடிக்கிறது, கதவு ‘படா’ரெனச் சாத்திக்கொள்கிறது. தொடர்ந்து நிகழ்வதற்கு இரட்டிப்பு, ஒருமுறை நிகழ்வதற்கு ஒற்றை என்னும் ஒழுங்கு இருமொழிக்கும் பொதுவாக நிற்கிறது.

சப்பானிய மொழியில் இச்சொற்களைத் தொடரோடு இணைப்பது ‘தொ’ என்னும் சிறுசொல். ஒருவர் கூறியதை எடுத்துரைக்கவும் அம்மொழியில் அதே ‘தொ’ தான் பயன்படுகிறது. தமிழின் ‘என’வும் சப்பானியத்தின் ‘தொ’வும் செய்யும் தொழில் ஒன்றே. இத்தகைய ஒற்றுமைகள் பலவற்றைத் தொகுத்து, தமிழுக்கும் சப்பானியத்திற்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ என்னும் சப்பானிய அறிஞர் நெடுங்காலம் வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை. ஏற்காமைக்கு நியாயமும் உண்டு. ஒலியைக் கூற்றாகக் கருதி எடுத்துரைக்கும் முறை, ஒன்றுக்கொன்று தொடர்பற்ற ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றிலும் காணப்படுகிறது. ஒப்புமை வேறு, உறவு வேறு.

சப்பானியத்தில் ‘ஷீன்’ என்றொரு சொல் உண்டு. ஒலியே இல்லாத நிலைக்கு வைத்த ஒலிக்குறிப்பு அது! படக்கதைகளில் எவரும் பேசாத கட்டத்தின்மேல் இச்சொல்லைப் பெரிதாக எழுதிவைப்பர். தமிழில் அமைதிக்கு அப்படியொரு ஒலிக்குறிப்பு இல்லை எனலாம். ‘கப்சிப்’ என்பது அமைதியாவதைக் குறிக்கிறதேயன்றி அமைதியாக இருப்பதைக் குறிப்பதில்லை.

ஐந்து படிகள்

ஒலிக்குறிப்புச் சொற்களைப் பல மொழிகளில் ஒப்பிட்டு ஆய்ந்த மார்க் டிங்கமான்சே என்னும் நெதர்லாந்து மொழியியலாளர், 2012ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் ஒரு படிவரிசையை முன்வைத்தார். எல்லா மொழிகளும் ஒலியைப் போலச்செய்யும். சில மொழிகள் அதற்கு மேலேறி அசைவையும், இன்னும் சில காட்சியையும், அதற்கும் மேல் தொடுதல், சுவை, மணம் போன்ற பிற புலன்களையும் குறிக்கும். கடைசிப் படியில் நிற்பது அகவுணர்வு. மேற்படியை எட்டிய மொழியிடம் கீழ்ப்படிகளும் இருக்கும் என்பது அவர் கருத்து.

தமிழ் ஐந்து படிகளையும் ஏறிய மொழி. ஒலிக்குச் ‘சலசல’, ‘முணுமுணு’. அசைவுக்குக் ‘குடுகுடு’, ‘விறுவிறு’. காட்சிக்குப் ‘பளபள’, ‘தகதக’, ‘மினுமினு’. மணத்திற்குக் ‘கமகம’. தொடுவுணர்வுக்கு வழவழப்பு, கொழகொழப்பு, பிசுபிசுப்பு, சொரசொரப்பு என நீளும் ஒரு வரிசையே உண்டு. வெண்டைக்காய் கொழகொழப்பது, வெல்லப்பாகு பிசுபிசுப்பது, இரண்டையும் மாற்றிச் சொல்ல நா எழாது. அகவுணர்வுக்குத் ‘திக்திக்’, ‘குறுகுறு’. தேர்வு முடிவை எதிர்நோக்கும் மனம் ‘திக்திக்’கென இருக்கும், செய்யத்தகாததைச் செய்துவிட்ட மனம் ‘குறுகுறு’க்கும்.

சேலத்துத் தெருவோரத் தட்டுவடை செட்டை உண்டவர் நான்காம் படியை நன்கு அறிவர். சட்டினிகளும் துருவிய காய்களும் இடையில் வைத்துத் தரும் அச்சிற்றுண்டியை உடனே உண்டால் ‘மொறுமொறு’வென இருக்கும். பேச்சில் நேரம் கழித்துவிட்டால் ஈரம் ஏறித் தட்டுவடை நமுத்துப்போகும். சுவை அதேதான், ‘மொறுமொறு’ மட்டும் போய்விடும். ஆனால் உண்டவர் ‘நன்றாக இல்லை’ என்றே கூறுவார்.

எழுத்தும் பொருளும்

ஒரு பொருளுக்கு இப்பெயர் ஏன் வந்தது என்பதற்கான காரணம் எளிதில் விளங்கித் தோன்றுவதில்லை என்று தொல்காப்பியர் உரியியலில் கூறியுள்ளார். மேலைநாட்டில் பெர்டினாண்ட் டி சசூர் என்பவரின் விரிவுரைகள் 1916ஆம் ஆண்டு நூலாக வந்தபோது, சொல்லுக்கும் பொருளுக்கும் இயல்பான தொடர்பு இல்லை என்னும் கருத்து அங்கு நிலைபெற்றது. மரத்தை ‘மரம்’ என்பதற்கு இடுகுறியன்றி வேறு காரணம் கூற இயலாது. ஒலிக்குறிப்புச் சொற்கள் இவ்விதிக்கு எதிராக நின்று முரண்டுபிடிப்பவை.

‘கடகட’, ‘கிடுகிடு’, ‘குடுகுடு’ ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்க்கலாம். மெய்யெழுத்துகள் மாறவில்லை, உயிர் மட்டுமே மாறுகிறது. வாய் அகலத் திறக்கும் அகரம் வந்த ‘கடகட’, கல்பாவிய சாலையில் வண்டி ஓடும் பேரோசை. நாவின் முன்பகுதி மேலெழும் இகரம் வந்த ‘கிடுகிடு’, நடுக்கத்தையும் விரைந்த ஏற்றத்தையும் காட்டும். இதழ் குவியும் உகரம் வந்த ‘குடுகுடு’, சிற்றடி வைத்து ஓடும் குழந்தைக்கும் முதியவருக்கும் உரியது. மெய்யை மாற்றினாலும் இவ்வாறே. வல்லின டகரம் வந்த ‘சடசட’வில் முறிவும் மோதலும் உள்ளன, இடையின லகரம் வந்த ‘சலசல’வில் ஓட்டம் உள்ளது. எனினும் இவற்றை அசையாத விதிகளாகக் கொள்ளலாகாது. ‘சிடுசிடு’ப்பில் இகரம் இருக்கிறது, அதில் நடுக்கமும் இல்லை, ஏற்றமும் இல்லை. சினமுகம் மட்டுமே உள்ளது.

ஒலி தானே பொருளைக் காட்டும் என்பது வெறும் கற்பனையா என்பதைச் சோதிக்க வோல்ப்காங் கோலர் 1929இல் ஒரு வழி கண்டார். கூர்முனைகள் கொண்ட உருவம் ஒன்று, வளைந்து திரண்ட உருவம் ஒன்று. இரண்டுக்கும் பொருளற்ற இரு பெயர்கள். எப்பெயர் எதற்கு என்று கேட்டபோது பெரும்பாலோர் ஒரே விதமாகவே விடையளித்தனர். நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரனும் எட்வர்டு ஹப்பர்டும் 2001இல் இதை மீண்டும் ஆராய்ந்து, ‘கிக்கி’ கூர்மையான உருவத்திற்கும் ‘பூபா’ திரண்ட உருவத்திற்கும் பொருந்துவதாகவே மிகப் பெரும்பாலோர் கருதினர் எனக் காட்டினர். இமாய் முட்சுமியும் கித்தா சோத்தாரோவும் பிறரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒருபடி சென்றது. நடைவகைகளைக் குறிக்கும் புதிய சொற்களைச் சப்பானியச் சிறுகுழந்தைகளுக்குக் கற்பித்தபோது, ஒலியும் நடையும் பொருந்திய சொற்களையே குழந்தைகள் எளிதில் பற்றிக்கொண்டனர். குழந்தைக்கு மொழி திறக்கும் முதல் வாயில்களுள் ஒன்று இது எனக் கருத இடமுண்டு.

இந்திய மொழிகளில் இச்சொற்களை ஆராய்ந்தவருள் முதன்மையானவர் எம். பி. எமனோ. நீலகிரியின் தோடர், கோத்தர் மொழிகளை நேரில் கேட்டுப் பதிந்த அவர், 1969இல் எழுதிய கட்டுரையில், இரட்டித்த ஒலிக்குறிப்புச் சொற்கள் திராவிட மொழிகளோடு நில்லாமல் இந்தோ-ஆரிய மொழிகளிலும் பரவியிருப்பதைக் காட்டி, அதை இந்திய மொழிநிலத்தின் பொதுப்பண்புகளுள் ஒன்றாக நிறுவினார்.

வழக்கில்

‘மேட்டூர் அணையின் நீர்மட்டம் மளமளவென உயர்ந்தது’ என்று நாளேடு எழுதும். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணையின் முழுக்கொள்ளளவு மட்டம் 120 அடி. நீர்மட்டம் எத்தனை அடி என்பதை எண் கூறிவிடும். எவ்வாறு ஏறிற்று என்பதை ‘மளமள’ கூறுகிறது. முட்டை விலையோ ‘கிடுகிடு’வென உயரும். ‘மளமள’ என்பதில் தடையின்மையும் சற்றே மகிழ்வும் உள்ளன. ‘கிடுகிடு’ என்பதில் அச்சம் கலந்திருக்கிறது. அணைக்குக் ‘கிடுகிடு’ என்று எழுதினால் படிப்பவர் வெள்ளத்தை எண்ணிக் கலங்குவர். இடத்தைச் சிக்கனப்படுத்தும் தலைப்புகளில் ‘என’வும் உதிர்ந்து, ‘விலை கிடுகிடு உயர்வு’ என நிற்கிறது. இலக்கணம் இதை இன்னும் பேசவில்லை.

தொழிலிடங்களில் இச்சொற்கள் கருவிகளாகவே பயன்படுகின்றன. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரிப் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவரும் ஓட்டுநர், முன்சக்கரத்தில் ‘கரகர’வென்று கேட்கிறது என்பார், அல்லது ‘லொடலொட’வென்று ஆடுகிறது என்பார், அல்லது பிரேக் மிதித்தால் ‘கிறீச்’சிடுகிறது என்பார். உரசுவதா, கழன்றதா, தேய்ந்ததா என்று பட்டறைக்காரர் அச்சொல்லைக் கேட்டே கைவைக்கும் இடத்தை முடிவுசெய்கிறார். கோழிப்பண்ணைகளில் விளக்கணைத்த பின் கொட்டகைக்குள் நின்று கேட்பது ஒரு வழக்கம். பறவைகள் அடங்கியிருக்கும் அவ்வேளையில் ‘கொர்கொர்’ என்று மூச்சு இழுக்கும் ஒலி எழுந்தால் சுவாச நோய் தொடங்கிவிட்டது என அறிவர். பகலின் ‘கொக்கொக்’ இரைச்சலில் அது காதில் விழாது.

தொழில் மாறும்போது சொல்லும் மாறுகிறது. கவலை இறைத்த காலத்தில் உருளை ‘கிறீச் கிறீச்’செனச் சுழலும், சால் கவிழ்ந்து நீர் ‘குபுகுபு’வென வாய்க்காலில் பாயும். இன்று மின்மோட்டார் ‘உர்’ரென்று ஒரே சீராக ஒலிக்கிறது. இளம்பிள்ளை, இராசிபுரம் பக்கத்துக் குழித்தறியில் நாடா ஒருபுறமிருந்து மறுபுறம் ‘சடக்’கென ஓடும், நெசவாளி ஊடையைத் தட்டிச் சேர்ப்பார், மறுபடி ‘சடக்’. இரண்டு ‘சடக்’கிற்கு இடையே மனிதக் கையின் அளவில் ஓர் இடைவெளி உண்டு. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிகள் ‘தடதட’க்கின்றன. இடைவெளி போனதும் ஒற்றைச்சொல் இரட்டைக்கிளவியாகிவிட்டது.

இத்தகைய சொற்கள் கட்டுரைக்கு ஆகா, பேச்சுக்கே உரியவை என்று எண்ணி விடைத்தாளில் அடித்துவிடும் பழக்கம் ஒன்று வகுப்பறைகளில் காணப்படுகிறது. அதற்கு இலக்கணச் சான்று ஏதும் இல்லை. எழுத்ததிகாரத்தின் கடைசிக்கு முந்தைய நூற்பா, குறிப்பினும் பண்பினும் இசையினும் தோன்றும் சொற்களைப் புணர்ச்சி விதிக்குள் அடங்காதவை என்று எடுத்தோதுகிறது. விதிக்கு அடங்கவில்லை என்கிறதேயன்றி, வழங்கக்கூடாது என்று கூறவில்லை. அந்நூற்பாவிற்கு எடுத்துக்காட்டுத் தேடிய உரையாசிரியர் இளம்பூரணர், ஆடையின் வெண்மைக்கும் கடலின் ஒலிக்கும் உரிய சொற்களோடு, கண் தெறித்து வலிப்பதைக் குறிக்கும் ‘விண்’ என்னும் சொல்லையும் காட்டினார்.

நோவைச் சொல்வதில்தான் இச்சொற்களின் தேவை மிகுதியாகப் புலப்படுகிறது. தன் நோவை நோயாளியைத் தவிர வேறெவரும் காண இயலாது. சப்பானிய நோயாளி தலைவலியைச் சொல்லும்போது, நாடியோடு சேர்ந்து துடித்தால் ‘சுக்கிசுக்கி’ என்பார். சம்மட்டியால் அடிப்பது போலிருந்தால் ‘கங்கங்’ என்பார். ஊசி குத்துவது போன்ற நோவு ‘சிக்குசிக்கு’. மருத்துவர்களும் அச்சொற்களைக் கொண்டே வினவுவர். தமிழிலும் இவ்வேறுபாடுகள் அனைத்தும் உண்டு. ‘சுருக்சுருக்’கெனக் குத்தும் வலி வேறு, ‘கடுகடு’வென நிற்கும் வலி வேறு, ‘திகுதிகு’வென எரிவது வேறு, ‘நமநம’வென அரிப்பது வேறு. வெளிநோயாளர் சீட்டில் இவை யாவும் ‘வலி’ என்னும் ஒரே சொல்லாகிவிட்டால், சொன்னவர் சொன்னதில் பெரும்பகுதி அறைக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. கொங்குப் பகுதியின் ஊரக மருத்துவமனை ஒன்றில் விரலில் கட்டி வந்த ஒருவர், “நேத்து வரைக்கும் கடுகடுன்னு இருந்துச்சுங்க, ராத்திரியிலிருந்து விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுங்க” என்று சொன்னால், உள்ளே சீழ் கோத்துவிட்டது என்பதைச் செவிலியர் கட்டவிழ்க்கும் முன்னரே ஊகித்துக்கொள்வார். இளம்பூரணர் கண்ணோவுக்குக் காட்டிய ‘விண்’ அது.